ஒன்பதாவது மைலில் நின்ற கார்

என் அக்காள் நேசம்மாளின் கணவர் இஸ்ரவேல் கொட்டாரத்தில் கார் ஓட்டுகிறார். நெல்லும் அரிசியும் மொத்தமாக வாங்கி விற்கும் பகவதியப்பன் என்பவரின் கார். யுத்தத்துக்கு முந்திய மாடல், கறுப்பு நிறம். ஊரில் அதைப் பிளஷர் என்றுதான் சொல்வார்கள். கல்லூரி விடுமுறைகளில் நான் அக்காள் வீட்டில் தங்குவேன். பட்டம் வாங்கிய பிறகு வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் முழுக்க அங்கேயே தங்கினேன். அந்த வருஷம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 1952, ஆனி மாதம் தொடங்கி ஆடி வரை.

அத்தானுக்குச் சொந்த ஊர் நெய்யூர்ப் பக்கம். தகப்பனார் பனையேறி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினாலு வயதில் பஸ்ஸில் கிளீனராகப் போனார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரி வாயுவில் ஓடியதல்லவா, அப்போது பஸ்ஸின் பின்னால் கட்டியிருந்த கரி அடுப்புக்குக் காற்றுப் போடுவது அவர் வேலை. திருவனந்தபுரத்தில் வெள்ளைச் சட்டையோடு ஏறி நாகர்கோவிலில் கறுப்புச் சட்டையோடு இறங்குவேன் என்பார். பிறகு பட்டாளத்தில் லாரி டிரைவர். மூன்று வருஷம் அஸ்ஸாம் மலைகளில் ஓட்டிவிட்டு, கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் லாரிக்காரர்கள் பேசுகிற சரளமான இந்துஸ்தானியுமாகத் திரும்பி வந்தார். 1947இல் பகவதியப்பனிடம் சேர்ந்தார்.

அவரைப்போல் நிறைவாக இருக்கிற மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. காலையில் காரைக் கழுவித் துடைத்து, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டால் அவருக்கு அன்றைய நாள் நன்றாகத் தொடங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவார், முதலாளி கூப்பிட்டால் ஆராதனையைக் குலைக்காமல் எழுந்து போவதற்கு. நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மனுப் போட்டுப் பதில் வராத ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் நிறைவைப் பார்த்து அப்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. ஏன் வந்தது என்று இப்போது யோசித்தால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆனி இரண்டாம் வாரம் முதலாளியை வள்ளியூருக்குக் கூட்டிப் போனார். நாகர்கோவிலில் டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டு, தோவாளை தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும்போது எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்க் காற்றை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வேட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும்.

"என்ன வே, பெட்ரோல் இல்லியா?" என்று கத்தினார் பகவதியப்பன்.

"இப்பந்தானே மொதலாளி நெறச்சோம்."

"பொறவு?"

"டாங்கியில கெடக்கு. எஞ்சினுக்கு வரமாட்டேங்கு."

அந்தக் காரில் பெட்ரோல் டாங்கி பின்பக்கம் அடியில் இருக்கிறது. எஞ்சின் முன்னால். நடுவே ஒரு நீளமான செம்புக் குழாய். எஞ்சினின் பக்கவாட்டில் சின்னப் பம்பு ஒன்று. எஞ்சின் சுழலச் சுழல, பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய படலம் மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்து, கார்புரேட்டருக்குத் தள்ளும். இழுக்கிற பலமோ தள்ளுகிற பலமோ குறைந்தால் எஞ்சின் பட்டினிதான்.

அத்தான் முதலில் முதலாளிக்குப் பெட்ரோலைக் காட்டிவிட நினைத்தார். டாங்கி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்து, நனைந்த அளவைக் காட்டினார். பிறகு பானட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணி போட்டார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது உண்டு. ஐந்து நிமிஷம் கழித்து முடுக்கியபோது எஞ்சின் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. சூடுதான் என்று முடிவு செய்தார்.

அடுத்த வாரம் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த வாரமும் ஏறக்குறைய அதே இடம். நாகர்கோவிலில் பெட்ரோல் போட்டதிலிருந்து ஒன்பது மைல். மூன்று முறையும் அவர் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். மூன்று முறையும் கொஞ்ச நேரத்தில் கார் புறப்பட்டுவிட்டது.

மூன்றாவது தடவை காரில் குமாரதாசும் இருந்தார். குமாரதாஸ் முதலாளியின் தங்கை மகன், முப்பது வயதுக்குள்தான், அரிசிக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நாகர்கோவிலில் மாமா காப்பி குடிக்கப் போகிற நேரத்தில் இஸ்ரவேல் பெட்ரோலை உறிஞ்சி எடுத்து விற்கிறார், அளவு குறையாமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார், மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில்தான் வண்டி மூச்சுத் திணறுகிறது.

"நல்லா கவனிச்சேரா மாமா? நின்ன உடனே முன்னாடி போய்ப் பாக்காம பின்னாடி போறாரு. மூடியத் தொறந்து என்னமோ செய்யுகாரு. உடனே வண்டி ஓடுகு. மந்திரமா?"

பகவதியப்பன் அதை நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் குமாரதாஸ் அதைக் கொட்டாரம் சந்தியில் உள்ள சாயாக் கடையிலும் சொல்லிவிட்டார். மறுநாள் அத்தான் அங்கே சாயா குடிக்கப் போனபோது பெஞ்சில் இருந்த ஒருவர், "இஸ்ரவேலு, வீட்டு வெளக்குக்கு இப்பம் மண்ணெண்ண போதுமா?" என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தான் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பகலெல்லாம் முதலாளியின் கார் கொட்டகையில் கிடந்தார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விட்டுக் கட்டிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டார். கார்புரேட்டரில் மிச்சம் கிடக்கிற பெட்ரோலில் அரை நிமிஷம் ஓடும். அந்த அரை நிமிஷத்தில் புட்டிக்குள் பால் கறப்பதுபோல் சர் சர் என்று பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. பம்புக்குக் குறையில்லை. ஆனாலும் பம்பைப் பிரித்துப் புது டயாப்ரம் போட்டார். வடிகட்டிக் கிண்ணத்தில் தூசி இல்லை. குழாயை மறுமுனையில் வாய் வைத்து ஊதினார், டாங்கிக்குள் குமிழி விடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அடைப்பு இல்லை. கார்புரேட்டருக்குள் மிதவை அசைக்கும் ஊசியையும் மாற்றினார். கொட்டகையில் எல்லாம் ஒழுங்கு. ரோட்டில் ஒன்பது மைல் போனால் நிற்கும்.

ஒரு கோடு போட்ட நோட்டில் எத்தனை மைலில் நின்றது, டாங்கியில் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருந்தார். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் கொண்டுவந்தார்.

"இத கொஞ்சம் பாரு மக்கா. டாங்கி நெறைய இருந்தா ஒம்பது மைல்ல நிக்கு. முக்கால் இருந்தா இருபது மைல் ஓடி நிக்கு. பாதிக்குக் கீழ இருந்தா நிக்கதே இல்ல. பெட்ரோல் கூடக்கூட வண்டி சீக்கிரம் பட்டினி கெடக்கு. ஒம் புஸ்தகத்துல இதுக்கு ஏதும் உண்டா?"

நான் நோட்டைப் பார்த்தேன். எரிபொருளின் ஆவியழுத்தம், வெப்பநிலை, பெட்ரோலின் தரம் என்று பத்து நிமிஷம் பேசினேன். பாதி ஆங்கிலம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மக்கா" என்று நோட்டை வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டம் வாங்கியவன் வாயில் அந்த வார்த்தை அன்று வரவில்லை.

ஆடி முதல் வாரம் பகவதியப்பன் அவரைக் கூப்பிட்டார். கடைசி மகளுக்கு வள்ளியூரில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நேரில் போய் உறுதி செய்ய வேண்டும்.

"ராகு காலத்துக்கு முன்னால அங்க போய்ச் சேரணும். இந்தத் தடவ வண்டி வழியில நின்னுதுன்னா, நீரு சாவியத் தந்திட்டு அங்கேருந்தே நடந்து போய்க்கிடும். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல்ல வே."

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த பேச்சை நான் முழுக்கக் கேட்டேன். அக்காள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, பாதி டாங்கியோட போனா நிக்காதுன்னு நீங்கதானே சொல்லுதீங்க. அப்படியே போயிட்டு வாங்க."

"போலாம். நிக்காது."

"பொறவென்ன?"

"நிக்கல்லேன்னா குமாரதாசு என்ன சொல்லுவான்? வேல போயிரும்னு பயந்து இந்தத் தடவ களவாங்கல்லேன்னு சொல்லுவான். மொதலாளியும் ஆமாம்பாரு."

"சொல்லிட்டுப் போட்டும். வேல இருக்கும்லா."

"வேல இருக்கும். கள்ளன்ற பேரும் சேந்து இருக்கும்."

அக்காள் கையிலிருந்த புளியை முறத்தில் போட்டாள். பிறகு, "அப்பம் நெறச்சுக்கிட்டே போங்க" என்றாள். "நிக்கட்டும். ஆனா அந்தக் காத்துக்குள்ள கொண்டு போய் நிப்பாட்டாதீங்க. அங்க ஒங்களுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. மனுசன் நடமாடுற எடத்துல நிப்பாட்டுங்க."

அதில் விஷயம் இருந்தது. கணவாயில் நிதானமாக எதையும் பார்க்க முடிந்ததில்லை. வியாழக்கிழமை நாகர்கோவிலிலிருந்து தகர டின்னில் பெட்ரோல் வாங்கி வந்து, முதலாளியின் கண் முன்னாலேயே டாங்கியை விளிம்பு வரை நிறைத்தார். கொட்டாரத்திலிருந்து ஒன்பது மைல் என்றால் சுசீந்திரம் தாண்டி, நாகர்கோவிலுக்கு முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே. அங்கே காற்று அடங்கி இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியும் குமாரதாசும் பின்னால் ஏறினார்கள். சுசீந்திரம் தேர்வீதி முனையைக் கடந்து ஒன்றரை மைல்கூட இருக்காது, எஞ்சின் இருமியது. நின்றது.

பகவதியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். குமாரதாஸ், "இன்னிக்கு ஆரல்வாமொழி வரைக்கும் பொறுக்கல்ல போலிருக்கு" என்றார்.

அத்தான் இறங்கி, சாவியை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தார். "மொதலாளி, வேல போனா போட்டும். போறதுக்கு முன்ன ஒரு காரியம். நான் மூடியத் தொறந்து ஏதோ செய்யுகேன்னு ஒரு பேச்சு இருக்கு. இன்னிக்கு நான் வண்டியில கை வைக்க மாட்டேன். நீங்களே மூடியத் தொறந்து, உள்ள இருக்கது பெட்ரோலா மண்ணெண்ணயான்னு மோந்து பாருங்க. அத மட்டும் செஞ்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு ரோட்டின் மறுபக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பகவதியப்பன் காரின் பின்னால் வந்தார். மூடியைத் திருகினார். அசையவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினார்.

"என்ன வே, அறைஞ்சு வச்சிருக்கேரா?"

"கொஞ்ச நாளாவே அப்படித்தான் மொதலாளி, இறுக்கமா இருக்கு. பலமாத் திருகுங்க."

முகம் சிவக்கத் திருகினார். மூடி இளகியது. இளகிய அந்த நொடியில் டாங்கிக்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். பகவதியப்பன் கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"பாம்பு கெடக்கா உள்ள?"

"காத்து மாமா" என்றார் குமாரதாஸ்.

"காத்துன்னா வெளிய வரணும். இது உள்ள போகுது லே. துண்டு முனையக்கூட பிடிச்சு இழுத்துது பாரு."

ரோட்டின் மறுபக்கம் நின்றவருக்கு அது கேட்டது. ஒரு மாதமாக அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கணவாய்க் காற்று அதை விழுங்கிவிட்டது. கை வைக்க மாட்டேன் என்று சொன்னதை மறந்து அத்தான் ஓடிவந்தார். மூடியை வாங்கித் தென்னை ஓலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். வெளிச்சம் வரவில்லை. நகத்தால் சுரண்டினார். ஈயம். மூடி முழுக்கப் பளபளவென்று ஈயம், நடுவே கச்சிதமான ஒரு பற்று.

"மொதலாளி, இதுல ஒரு ஓட்ட உண்டும். அத யாரோ அடச்சிருக்காவ."

"ஓட்டய அடச்சா நல்லதுதானே வே?"

"இது வேணும்னே போட்ட ஓட்ட. பெட்ரோல் செலவாவச் செலவாவ, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வராட்டா டாங்கி உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சுக்கிடும். பம்பு இந்தப் பக்கம் இழுக்கும், டாங்கி அந்தப் பக்கம் இழுக்கும். பம்பு தோத்துப்போவும். நான் மூடியத் தொறக்கும்போ காத்து உள்ள போயி எல்லாம் சரியாயிரும். சரியாக்குனது நாந்தான், ஆனா எனக்கே தெரியல்ல."

டாங்கி நிறைய இருந்தால் ஏன் சீக்கிரம் நின்றது என்பதும் அங்கேயே அவருக்கு விளங்கிவிட்டது. நிறைந்த டாங்கியில் காற்றுக்கு இடம் கொஞ்சம், கொஞ்சம் பெட்ரோல் குறைந்தாலே இழுப்பு கடுமையாகிவிடும். பாதி டாங்கியில் காற்று நிறைய. அழுத்தமும் கொள்ளளவும் பற்றிய அந்த விதியை நான் தேர்வில் வரைபடத்தோடு எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். நோட்டில் அதே விதி அத்தானின் கோணல் எழுத்தில் என் முன்னால் கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் எதைத்தான் படித்தேன் என்று இன்றும் சில நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தான் கீழே கிடந்த ஓலையிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்து, டாங்கி வாயின் விளிம்பில் குறுக்கே வைத்து, அதன்மேல் மூடியைப் போட்டார். காற்றுக்கு அந்த இடுக்கு போதும். பகவதியப்பன் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். கார் ஆரல்வாய்மொழியில் நிற்கவில்லை, பணகுடியில் நிற்கவில்லை. ராகு காலத்துக்கு முன்பே வள்ளியூர் போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பி வந்ததும் பகவதியப்பன் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் போனார். அவர் மனைவி சண்முகவடிவு அம்மாள் வாசலுக்கு வந்தார்.

"வடிவு, இத அடச்சது யாரு?"

"அதுவா? வைகாசிக் கடசீல இசக்கி ஈயம் பூச வந்தாம்லா. உருளி, போணி, செம்பு எல்லாம் போட்டேன். இதுவும் கறுத்துப்போய் இருந்துது. இஸ்ரவேலு அவுங்க கோயில் அசன விருந்துக்கு ஊருக்குப் போயிருந்தாரு. நான்தான் கழத்திக் குடுத்தேன்."

"ஓட்டய?"

"அவந்தான் பாத்துச் சொன்னான், 'அம்மா, இதுல ஊசி ஓட்ட ஒண்ணு இருக்கு'ன்னு. ஓட்டப் பாத்திரம் வீட்டுல இருக்கப்பிடாதுல்லா. அடச்சிருன்னேன். நல்ல பையன், அதுக்குக் கூலிகூட கேக்கல்ல."

பகவதியப்பன் மூடியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "நல்ல பையன்தான்" என்றார்.

விவரம் தெரிந்ததும் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தான், "எனக்கும் பங்கு உண்டும்மா. தினமும் அத நான்தான் தொடைக்கேன். நல்லா மின்னுதேன்னு சந்தோசமாத் தொடச்சேனே தவிர, ஓட்ட எங்கன்னு பாக்கல்ல" என்றார். பிறகு அடுப்பில் கோணி ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, ஈயப் பற்றை உருக்கித் துளையைத் திறந்தார்.

வேலை தங்கிவிட்டது. ஆனால் சனிக்கிழமை அவர் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். குமாரதாசு தம்பி சாயாக் கடயில வச்சுச் சொன்ன காரியத்த, அதே கடயில வச்சு மாத்திச் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பகவதியப்பன் உள்ளே பார்த்து, "ஏலே தாசு, கேட்டியா?" என்றார்.

திங்கட்கிழமை காலை, பெஞ்சுகள் நிறைந்திருந்த நேரம், குமாரதாஸ் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன், அத்தான் காரை வெளியே நிறுத்திவிட்டு வந்து வாசலோரம் நின்றார். அவர் நின்றபடியே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "பெட்ரோல் விசயமா நான் சொன்னது தப்பு. இஸ்ரவேல் ஒண்ணும் எடுக்கல்ல. மூடியில ஓட்டய அடச்சதுதான் காரணம்."

 பெஞ்சில் இருந்து முன்பு மண்ணெண்ணெய் பற்றிக் கேட்டவர், "ஓட்டய அடச்சா வண்டி நிக்குமா? மாமனுக்குப் பயந்து கதை சொல்லுகான்" என்றார்.

"சத்தியமா வே."

"மூடி எங்க, காட்டும்."

குமாரதாஸ் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் வெளியே போய் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் இருந்தவர் கையில் வைத்தார். அவர் அதை ஒரு கண்ணில் வைத்து வாசல் பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் பிடுங்கிப் பார்த்தார். மூடி கை மாறிக் கை மாறிக் கடைசி பெஞ்சு வரை போனது. ஒருவர் குமாரதாசின் மூக்கே தெரிகிறது என்றார். தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தால் களக் களக்கென்று காற்றுக் குடித்துத்தானே தண்ணீர் வருகிறது, அதே காரியம்தானே என்றார் இன்னொருவர். குமாரதாசும் சிரித்துவிட்டார், வேறு வழி இல்லை.

"அப்பம் மண்ணெண்ண?" என்று யாரோ விடாமல் கேட்டார்.

"அது ஒங்க வீட்டு வெளக்குக்கு வாங்கிக்கிடும்" என்றார் அத்தான். பெஞ்சில் இடம் விட்டார்கள். உட்கார்ந்தார். கடைக்காரர் சாயாவை ஆற்றி முன்னால் வைத்தார். அத்தான் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காரை எடுக்கப் போனார்.